கைபேசிப் படமும் சரக்கின் நிறமும்

ஒரு கைப்பிடி மாதிரியைப் பொட்டலம் கட்டி பஸ்ஸில் அனுப்பிய காலம் மலையேறிவிட்டது. இன்று தருவைகுளத்தில் உப்பானாலும் கருவாடானாலும் கைபேசிப் படத்தைப் பார்த்தே வெளியூர் வியாபாரி விலை பேசுகிறார்.

சென்ற பருவத்தில் நாம் அனுப்பிய உப்புப் படத்தைப் பார்த்து, "சரக்கு மங்கலா இருக்கே அண்ணாச்சி" என்று ஒருவர் மூட்டைக்கு விலையைக் குறைத்தார். சரக்கில் குறையே இல்லை. தானியங்கி முறையில் கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். உப்போ ஐஸோ படம் முழுக்க நிறைந்தால் வெண்மையை மங்க அடித்துவிடும். திரையில் உப்பின் மேல் விரல் வைத்து, தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினால் போதும். பெரும்பாலான கைபேசிகளில் இவ்வசதி உண்டு.

கருவாட்டின் கதை வேறு. நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நெத்திலி நீலம் பாய்கிறது, குண்டு பல்பில் மஞ்சளாகிறது. தானியங்கியோ படத்துக்கு ஒரு நிறம் காட்டும். சரக்கை வெளிவெயிலுக்குக் கொண்டுவந்து, 'புரோ' முறையில் ஒயிட் பேலன்ஸை 5500 கெல்வினில் நிறுத்தினால் பத்துப் படமும் ஒரே நிறம். விலை கூடிய ஐபோனின் சொந்தக் கேமராவில் இம்முறை இல்லை, தனிச் செயலி வேண்டும். வாங்குமுன் அன்பர்கள் இதைக் கேட்டுக்கொள்ளவும். ஏலக்கூடத்து அவசரத்துக்குத் தானியங்கியே மேல்.

இப்போது சரக்கின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வைத்தே படம் எடுக்கிறோம். அந்த வியாபாரி இன்னும் விலையைக் குறைத்துத்தான் கேட்கிறார், நிறத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.