பார்வையும் பொறுப்பும்: வான்வழி முன்னெச்சரிக்கை விமானம் பற்றிய ஒரு குறிப்பு

போர்க்கருவிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் வேகத்தையும் அழிவாற்றலையுமே பெரும்பாலும் அளந்து காட்டுவர். வான்வழி முன்னெச்சரிக்கை, கட்டுப்பாட்டு விமானம் இவ்வளவுகோலுக்குள் அடங்குவதன்று. அது குண்டு வீசுவதில்லை. ஏனைய விமானங்கள் எங்குச் செல்லவேண்டும், எதனை எதிர்கொள்ளவேண்டும் என்று பணிப்பதே அதன் தொழில்.

ராடர் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வன. பூமியோ வளைந்தது. ஆதலால், தாழப் பறந்துவரும் விமானம் தரையிலோ கப்பலிலோ உள்ள ராடருக்கு நெடுந்தொலைவில் புலப்படாது. கருவியை உயரே கொண்டுசென்றால் தொடுவானம் விலகும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் அமெரிக்கக் கடற்படை மேற்கொண்ட 'கடிலாக்' திட்டம் இவ்வடிப்படையில் எழுந்ததே. 1977 இல் அமெரிக்க விமானப்படையிற் சேர்ந்த ஈ-3, அதன் முதிர்ந்த வடிவம் எனலாம். போயிங் 707 விமானத்தின் முதுகில் 9 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடைய வட்டத்தட்டொன்று பத்து விநாடிக்கு ஒருமுறை சுழலும். (பயணிகள் விமானத்துக்கும் போர் விமானத்துக்கும் ஒரே தொழிற்சாலை தாயகமாயிருப்பது முதலாளித்துவ உற்பத்தியில் வியப்புக்குரியதன்று.) உள்ளே வரிசையாக அமர்ந்திருப்போருள் ஒரு பகுதியினர் திரையைக் கண்காணிப்பர், வேறு சிலர் போர் விமானிகளுக்கு வழிகாட்டுவர். காண்பவர், பணிப்பவர், சுடுபவர் என்னும் இத்தொழிற்பிரிவினையே எமது கவனத்துக்குரியது.

1994 ஏப்ரல் 14 அன்று ஈராக்கின் வடபகுதியில் நிகழ்ந்ததை நோக்குவோம். ஈ-3 ஒன்று வானில் நின்றது. அமெரிக்காவின் இரு பிளாக் ஹோக் ஹெலிகொப்டர்கள் அதன் திரையில் முன்னரே தென்பட்டிருந்தன. மலைகளுக்கிடையே இறங்கியதும் மறைந்தன. நேர்கோட்டு விதி இங்கும் செயற்பட்டது. பின்னர் வந்த இரு எப்-15 விமானிகள் தமது ராடரிற் கண்டதை அறிவித்தபோது, அவ்விடத்தில் எதுவும் இல்லை என்ற கருத்திலேயே முதலில் மறுமொழி கிடைத்தது. விமானிகள் அருகே சென்று கண்ணாற் பார்த்தும், சோவியத் தயாரிப்பு ஹெலிகொப்டர்களென மயங்கிச் சுட்டு வீழ்த்தினர். 26 பேர் மாண்டனர்.

தனிமனிதத் தவறு என்றோ கருவிக் கோளாறு என்றோ இதனை விளக்குவது போதாது. ஒவ்வொருவரும் செயலின் ஒரு துண்டினை மட்டுமே கையாண்டனர். துண்டுகளை ஒன்றிணைக்கும் பொறுப்பு எவரிடமும் முழுமையாக இருக்கவில்லை. பார்வை பெருகப் பெருகப் பொறுப்புச் சிதறும் இம்முரண்பாடு, அவ்வொழுங்கமைப்பின் உள்ளார்ந்த இயல்பு என்றே நாம் கருதுகிறோம். இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டவர் ஈ-3 இற் பணியாற்றிய அதிகாரி ஒருவரே. அவரும் 1995 இல் விடுதலையானார்.

இறந்தோருள் ஐவர் குர்தியக் குடிமக்கள். குர்தியரைப் பாதுகாக்கவென்றே அவ்வான்பரப்பு ஈராக்கிய விமானங்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது.