மோட்டார் இல்லாமல் 90 மீட்டர்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகையைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதாது. அறைக்கு அறை ஓவியமும் சிற்பமும். என்னைக் கேட்டால், முதலில் தோட்டத்துக்குப் போங்கள் என்பேன். மாளிகையின் தெற்கே நீண்ட குளம், அதில் ‘எம்பரர்’ நீரூற்று. 90 மீட்டர் உயரம் வரை பீய்ச்சியடித்ததாகப் பதிவு உண்டு. இதற்கு மோட்டாரும் கிடையாது, பம்ப்பும் கிடையாது.

சூட்சுமம் மேட்டு நிலத்தில் இருக்கிறது. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் வரப்போகிறார் என்று எதிர்பார்த்து, மாளிகையின் உரிமையாளரான டெவன்ஷயர் டியூக் தன் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனிடம் வேலையை ஒப்படைத்தார். மாளிகையைவிடச் சுமார் 107 மீட்டர் உயரத்தில் 8 ஏக்கர் ஏரியை வெட்டி, அங்கிருந்து குழாய் இறக்கினார் பாக்ஸ்டன். 1844இல், ஆறே மாதத்தில் எல்லாம் முடிந்தது. பேரரசர்தான் வரவில்லை!

நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியும் இதே கணக்குதான். மாடிக் குழாயில் நூலாக ஒழுகும் தண்ணீர் கீழ்த்தளத்தில் வேகமாகக் கொட்டும். பத்து மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை ஏற்றுகிறது. 107 மீட்டர் என்றால் பத்து கிலோவுக்கும் மேல். ஏரி எவ்வளவு அகலம் என்பது இதில் சேர்த்தியே இல்லை. அகலம் கூடினால் ஊற்று அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான்.

90 மீட்டர் ஏற வேண்டுமானால் தண்ணீர் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் முனையை விட்டுப் புறப்பட வேண்டும். ஏரி மட்டத்தைத் தொட்டுவிடத்தான் அது எம்புகிறது. வழியில் குழாயின் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும்; வெளியே வந்ததும் காற்று அதைச் சிதறடித்துத் திவலையாக்கும். மிச்ச 17 மீட்டர் போவது அப்படித்தான். வால்வைச் சட்டென்று மூடவும் கூடாது. ஓடிவரும் அத்தனை தண்ணீரும் ஒரே கணத்தில் நின்றால், அந்த அதிர்ச்சியில் குழாயே வெடிக்கலாம்.

இந்த நீர்விசையை வைத்து 1893 முதல் 1936 வரை மாளிகைக்கு மின்சாரம் எடுத்தார்கள். பிறகு வெளி மின்இணைப்பு வந்ததும் கைவிட்டார்கள். 1988இல் புதிய டர்பைன் பொருத்தி, மறுபடி அதே தண்ணீரை வேலைக்கு இழுத்துவிட்டார்கள்.