கிடார் கலைஞருக்கு என்ன பரிசு வாங்கலாம்?

உங்கள் அண்ணனோ, மைத்துனரோ, நெருங்கிய நண்பரோ பத்துப் பதினைந்து ஆண்டுகளாக கிடார் வாசிப்பவரா? அவருக்குப் பிறந்த நாள் பரிசு வாங்குவது சற்றுச் சிரமமான காரியம்தான். புதிதாகக் கற்பவருக்கு எதைக் கொடுத்தாலும் பயன்படும். அனுபவசாலியின் நிலை வேறு. எந்த கிடார், எந்த ஆம்ப்ளிபயர், எந்த எபெக்ட் பெடல் என்று அவருடைய காது எப்போதோ முடிவு செய்துவிட்டது. நாமாக ஒரு பெடலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், நன்றி சொல்லி வாங்கிப் பரணில் வைத்துவிடுவார். எனவே அவருடைய ஒலியைத் தீர்மானிக்கும் பொருள்களில் நாம் கை வைக்க வேண்டாம். தேய்ந்து தீரும் பொருளை வாங்கலாம். அல்லது அவருடைய கிடாரைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் சாதனத்தை வாங்கலாம்.

தேய்ந்து தீரும் பொருளில் முதலிடம் கம்பிகளுக்கு. ஒரு செட் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். ஆனால் அளவு முக்கியம். பாக்கெட்டில் 10-46 என்று இருந்தால், மிக மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, மிகத் தடித்தது 46 பங்கு கனம் என்று பொருள். எலக்ட்ரிக் கிடாரில் 9-42, 10-46 ஆகியவையும், ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிடாரில் 12-53 அளவும் பரவலாகப் பயன்படுகின்றன. நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிடாருக்கு ஸ்டீல் கம்பி வாங்கிவிடாதீர்கள். ஸ்டீல் கம்பியின் இழுவிசை அதிகம். பிரிட்ஜ் பெயர்ந்து கிடாரே பாழாகலாம். அவருடைய கிடார் பையில் பழைய கம்பி பாக்கெட் கிடக்கும். செல்போனில் அதைப் படம் எடுத்து, கடையில் காட்டி அதையே வாங்குங்கள்.

சில ஆயிரம் ரூபாய் செலவிட முடியும் என்றால் கம்ப்யூட்டர் பக்கம் வரலாம்.

மைக் ஜாக் வேண்டாம்

ஒரு முனையில் கிடாருக்கான 6.35 மி.மீ. பிளக், மறுமுனையில் கம்ப்யூட்டருக்கான 3.5 மி.மீ. பிளக் கொண்ட கேபிள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இதைக் கம்ப்யூட்டரின் மைக் ஜாக்கில் செருகினால் ஒலி வரத்தான் செய்யும். ஆனால் மங்கிப்போய், கம்பளிக்குள்ளிருந்து வருவது போல வரும். எலக்ட்ரிக் கிடாரின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பி சுற்றிய சுருள். அதிலிருந்து வரும் சிக்னல் பலவீனமானது. அதைப் பெறும் கருவியின் மின்தடை சுமார் 10 லட்சம் ஓம் இருந்தால்தான் அது குறையாமல் வந்து சேரும். மைக் ஜாக்கின் மின்தடையோ சில ஆயிரம் ஓம்தான். இதனால் சிக்னல் சரிந்து, கூர்மையான மேல் ஒலிகள் முதலில் காணாமல் போகின்றன. அனுபவசாலியின் காது இதை முதல் நொடியிலேயே கண்டுபிடித்துவிடும்.

ஆடியோ இன்டர்பேஸ்

இதற்கென்றே வரும் சாதனம் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ். கையடக்கமான சிறிய பெட்டி. கிடார் சிக்னலைச் சரியான மின்தடையுடன் வாங்கி, டிஜிட்டலாக மாற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. பெஹ்ரிங்கர் யு.எம்.2 விலை குறைந்த வகையைச் சேர்ந்தது. போகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ அதைவிட விலை கூடியது. எதை வாங்கினாலும் கிடாருக்கான இன்புட்டில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்ற குறிப்போ, கிடார் படமோ இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஏதும் இல்லாத சாதாரண யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் இந்த வேலைக்கு ஆகாது.

அவருடையது பிக்கப் இல்லாத அக்கூஸ்டிக் கிடார் என்றால் மைக் வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும். அப்போது மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இன்புட் தேவை. கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரமும் இன்டர்பேஸிலிருந்து போக வேண்டும். மைக்கின் விலை தனி என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று, அவரிடம் ஏற்கெனவே ஓர் இன்டர்பேஸ் இருக்கலாம். வீட்டாரிடம் ரகசியமாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தாமதம். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக அல்ல, வாளி வாளியாகக் கையாளுகிறது. இந்த வாளிக்குப் பபர் என்று பெயர். நொடிக்கு 44,100 சாம்பிள் பதிவாகும்போது, 2,048 சாம்பிள் பிடிக்கும் பபர் நிரம்ப 46 மில்லிசெகண்ட் ஆகிறது. உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை என்று இது கூடும். கம்பியை மீட்டிய பிறகு ஒலி நொண்டிக்கொண்டு வந்தால் எந்தக் கலைஞருக்கும் தாளம் தப்பும். பபரை 256 சாம்பிளாகக் குறைத்தால் ஒருமுறைக்கான தாமதம் 6 மில்லிசெகண்டுக்குள் அடங்குகிறது. ஆம்ப்ளிபயரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி காற்றில் வந்து சேரவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.

விண்டோஸில் இப்படிக் குறைப்பதற்கு ஆசியோ என்ற வகை டிரைவர் பயன்படுகிறது. ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் உருவாக்கியது இது. இன்டர்பேஸ் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான டிரைவரை டவுன்லோட் செய்திடுங்கள். தனி டிரைவர் இல்லையென்றால் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் கைகொடுக்கும். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் இந்தத் தலைவலி இல்லை.

பைசா செலவில்லாமல்

இன்டர்பேஸுடன் நீங்கள் கொடுக்கக்கூடிய இன்னொன்று, அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு மணி நேர உழைப்பு. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆடாசிட்டி இன்றும் இலவசம். பதிவு செய்வதற்கு மட்டுமின்றி, வேகமான கிடார் பகுதிகளைக் கேட்டுப் பழகவும் இது உதவும். பாடல் பைலைத் திறந்து, வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, எபெக்ட் மெனுவில் 'சேஞ்ச் டெம்போ' சென்று -30 என்று கொடுங்கள். வேகம் மட்டும் குறையும், சுருதி மாறாது. பெயர் ஒத்திருக்கிறதே என்று 'சேஞ்ச் ஸ்பீட்' பக்கம் போனால் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும். ஆம்ப்ளிபயர் ஒலியைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற புரோகிராமும் இலவசம்தான். அதில் எந்த ஒலி என்று தேர்வு செய்வதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.

பல இன்டர்பேஸ்களில் ஹெட்போன் துளையும் 6.35 மி.மீ. அளவில்தான் இருக்கும். சாதாரண ஹெட்போன் அதில் நுழையாது. அதற்கான சிறு அடாப்டரையும் அதே கடையில் சேர்த்து வாங்கிவிடுங்கள். பரிசைப் பிரித்த இரவே அவர் வாசித்துப் பார்க்க நினைப்பார்; அந்நேரத்தில் கடை திறந்திருக்காது.