மகளின் நினைவுக்கு ஒரு வர்ண ஜன்னல்!

பெற்றோர் கேட்டது ஒன்று. ஓவியர் கொடுத்தது பன்னிரண்டு

இங்கிலாந்தில் கெண்ட் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே டூட்லி என்பது ஒரு சின்னக் கிராமம். அந்த ஊர் தேவாலயமும் சின்னதுதான். செங்கல் கோபுரம், சுற்றிலும் வயல்கள்.

ஆனாலும் வெளிநாடுகளில் இருந்தெல்லாம் மக்கள் அங்கே வருகிறார்கள். காரணம், அதன் ஜன்னல்கள்! மொத்தம் 12 ஜன்னல்கள். பன்னிரண்டும் வர்ணக் கண்ணாடியால் ஆனவை. எல்லாவற்றையும் வரைந்தவர் ஒரே ஓவியர். அவர்தான் உலகப் புகழ் பெற்ற மார்க் ஷகால்.

இத்தனைக்கும் காரணம், 21 வயதில் இறந்துபோன ஒரு பெண்.

கடலில் மூழ்கினாள்

அந்தப் பெண்ணின் பெயர் சாரா. அவளுடைய தந்தை சர் ஹென்றி டாவிக்டார் கோல்ட்ஸ்மிட், பார்லிமெண்டு மெம்பர். தந்தை யூதர். தாயாரும் மகளும் கிறிஸ்தவர்கள்.

சாராவுக்கு ஓவியம் என்றால் உயிர். 1961-ம் ஆண்டு பாரீஸ் நகரில் ஷகாலின் வர்ண ஜன்னல்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவை ஜெருசலேமில் ஓர் ஆஸ்பத்திரியின் ஜெப ஆலயத்துக்காகச் செய்யப்பட்டவை. தாயும் மகளும் அவற்றைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1963-ல் சாரா பாய்மரப் படகில் கடலுக்குப் போனாள். படகு விபத்துக்கு உள்ளானது. சாரா உயிருடன் திரும்பவில்லை.

பெற்றோர் துடித்துப் போனார்கள். மகளின் நினைவாக டூட்லி தேவாலயத்தில் ஒரு வர்ண ஜன்னல் வைக்க விரும்பினார்கள். மகளுக்குப் பிடித்த ஓவியரையே அணுகினார்கள். ஷகால் முதலில் தயங்கினார். பிறகு சம்மதித்தார்.

ஜன்னல் உருவாகும் விதம்

வர்ண ஜன்னல் என்றால் வெறும் கண்ணாடி மீது சாயம் பூசுவது அல்ல. கண்ணாடியை உருக்கும்போதே நிறத்தையும் சேர்த்து விடுவார்கள். கோபால்ட் என்ற உலோகத்தைச் சேர்த்தால் நீலம். சிறிதளவு தங்கம் சேர்த்தால் சிவப்பு!

வீட்டு ஜன்னல் ஆனாலும், தேவாலய ஜன்னல் ஆனாலும் முறை ஒன்றுதான். முதலில் ஜன்னலை அளப்பார்கள். வெயில் எந்தப் பக்கம் இருந்து விழுகிறது என்று பார்ப்பார்கள். பிறகு சின்னதாக ஒரு படம் வரைவார்கள். அதையே ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்குவார்கள். அந்தப் படத்தின்படி கண்ணாடியைத் துண்டு துண்டாக அறுப்பார்கள். முகம், கை, துணி மடிப்பு இவற்றைக் கறுப்பு மையால் தீட்டுவார்கள். பிறகு சூளையில் வைத்துச் சுடுவார்கள். மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசியில், துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்துப் பற்ற வைப்பார்கள். மழை நீர் புகாதபடி இடுக்குகளை அடைப்பார்கள்.

ஷகாலின் படத்தைக் கண்ணாடியில் கொண்டு வந்தவர்கள் ஒரு தம்பதிகள். ஷார்ல் மார்க், பிரிஷித் சிமோன் என்பது அவர்கள் பெயர். பிரான்ஸ் நாட்டின் ரீம்ஸ் நகரில் அவர்களுடைய பட்டறை இருந்தது.

நிறத்துக்கு ஒரு துண்டு என்று வைத்தால், ஈயப் பட்டைகள் அதிகமாகிப் படம் கெட்டு விடும். அதற்கு ஒரு வழி செய்தார்கள். நிறம் ஏற்றிய கண்ணாடியின் மேல் பூச்சைத் திராவகத்தால் அங்கங்கே அரிக்க வைத்தார்கள். இதனால் ஒரே துண்டில் இரண்டு மூன்று நிறங்கள் கிடைத்தன! அதன் மீது ஷகால் தம் கையாலேயே கோடுகளைத் தீட்டினார்.

ஏணியும் குதிரையும்

1967-ல் ஜன்னல் தயாராகி, தேவாலயத்தின் கிழக்குச் சுவரில் பொருத்தப்பட்டது.

எங்கு பார்த்தாலும் நீலம், கடலின் நீலம். அடியில், அலைகளுக்கு நடுவே ஒரு பெண் கிடக்கிறாள். அவள்தான் சாரா. துக்கத்தில் ஆழ்ந்த தாயின் உருவமும் இருக்கிறது. மேலே செல்ல ஓர் ஏணி. சிவப்புக் குதிரை ஒன்று. உச்சியில், சிலுவையில் ஏசுநாதர்.

துயரத்தை ஷகால் மறைக்கவில்லை. துயரத்துக்கு மேலே ஓர் ஏணியை வைத்தார், அவ்வளவுதான்.

எதிர்பாராத வாக்கு

ஜன்னல் பிரதிஷ்டைக்கு ஷகால் நேரில் வந்தார். அப்போது அவருக்கு வயது 80. தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம்! மற்ற ஜன்னல்களையும் நானே செய்து தருகிறேன்" என்ற கருத்தில் பேசினார். பெற்றோர் கேட்டது ஒரே ஒரு ஜன்னல்!

சொன்னதைச் செய்தார். ஆண்டுகள் உருண்டன. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முன்பு இருந்த பழைய ஜன்னல்களையும் வீணாக்கவில்லை. அவற்றைப் பக்கத்து அறையில் வைத்துப் பாதுகாத்தார்கள்.

1976-ல் சர் ஹென்றி காலமானார். பன்னிரண்டு ஜன்னல்களையும் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. கடைசி ஜன்னல்கள் 1985-ம் ஆண்டில் பொருத்தப்பட்டன. அதே ஆண்டு மார்ச் 28-ந்தேதி ஷகாலும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 97.

தந்தையும் ஓவியரும் யூதர்கள். மகள் கிறிஸ்தவப் பெண். அவளுக்காக ஜன்னல் எழுந்ததோ கிறிஸ்தவ ஆலயத்தில். மகளை இழந்த துக்கத்துக்கு முன்னால் மத வேறுபாடு நிற்கவில்லை.

இன்றும் காலையில் சூரியன் எழும்போது, கிழக்கு ஜன்னலின் நீல ஒளி அந்தச் சின்ன ஆலயத்துக்குள் பரவுகிறது.