காக்கியைக் கழற்றிய பிறகு அவரும் நம் வாடிக்கையாளரே

விளாங்குடியில் திண்டுக்கல் சாலையை ஒட்டி மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் கடையைத் தாண்டி நாள்தோறும் எத்தனை போலீஸ்காரர்கள், லீவில் வந்த எத்தனை ராணுவ வீரர்கள் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அவர்களில் எத்தனை பேர் நம் கடைப் படி ஏறுகிறார்கள்? சோப்பு, பற்பசை, பிஸ்கட், தலைக்கு எண்ணெய் எல்லாவற்றையும் மாதம் ஒரு முறை கேன்டீனில் மொத்தமாக வாங்கிப் பை நிறையக் கட்டி வந்துவிடுகிறார்கள். அந்த வீடுகளுக்கு நம்மிடமிருந்து போவது அவசரத்துக்குக் கால் கிலோ ரவையும், கறிவேப்பிலை கொத்தமல்லியும்தான்.

இதில் வருத்தப்பட்டுப் பயனில்லை. ராணுவத்தாருக்கான சி.எஸ்.டி. கேன்டீன் துறை 1948 ஜனவரி 1-ல் தொடங்கியது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டது. குளியல் சாமான், வீட்டு உபயோகப் பொருள், கைக்கடிகாரம், எழுதுபொருள், மது, உணவுப் பொருள் என்று பிரித்து ஆயிரக்கணக்கான சரக்குகளைக் கம்பெனிகளிடமே நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. மத்தியக் காவல் படையினருக்கு 2006 செப்டம்பரில் தனிக் கேன்டீன் அமைப்பு வந்தது. அதன் இன்றைய பெயர் கேந்திரிய போலீஸ் கல்யாண் பண்டார். ராணுவக் கேன்டீனுக்கு ஜி.எஸ்.டி.யில் பாதி திரும்பக் கிடைக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் போலீஸ் பண்டாருக்கும் அந்தப் பாதிச் சலுகை வந்துவிட்டது. நம் மாநிலக் காவலர்களுக்கும் கேன்டீன்கள் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? 2025 செப்டம்பர் 22-க்கு முன் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீத வரியில் இருந்தன. பாதி வரி என்றால் கேன்டீனுக்கு 9 சதவீதம் அனுகூலம். அன்றாடம் நகரும் சோப்பு, பேஸ்ட்டில் கம்பெனி நமக்கு விடும் மார்ஜினே ஏறக்குறைய அவ்வளவுதான். பிறகு எங்கே போட்டி போடுவது? இப்போது இவை 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டன. வரியால் கேன்டீனுக்குக் கிடைக்கும் அனுகூலம் இரண்டரை சதவீதமாகச் சுருங்கிவிட்டது. மொத்தக் கொள்முதல் விலையில் அவர்கள் இன்னும் நம்மை முந்துவார்கள் என்பது உண்மை. இருந்தாலும் இரண்டரை சதவீதத்துக்காக ஒருவர் பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்பாரா என்று அவரும் யோசிப்பார். அவரை நம் கடைக்குள் வரவழைக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அவருடைய ஓய்வு நேரத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஓய்வு எப்போது கிடைக்கிறது?

தமிழ்நாடு காவல் துறையில் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு தருவதற்கு 2021 நவம்பரில் அரசாணை வந்தது. அது எல்லா ஸ்டேஷனிலும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பது வேறு விஷயம். திருவிழா பந்தோபஸ்து வந்தால் ஓய்வும் போய்விடும். கிடைக்கிற நாளில் மனிதர் என்ன செய்வார்? தூங்குவார். மாலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மட்டையோடு தெருவுக்கு வருவார்.

ராணுவ வீரரின் கணக்கு வேறு. ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருட விடுப்பும், 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பொங்கலையும் சித்திரைத் திருவிழாவையும் மனத்தில் வைத்தே லீவு கேட்பார்கள். ஊருக்கு வந்த நாலாம் நாள் வீட்டில் உட்கார முடியாது. அதிகாலை ஓட்டம், மாலையில் வாலிபால், இரவில் காரம். பட்டாளத்தில் சேரத் துடிக்கும் ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் அவரைச் சுற்றிக்கொள்வார்கள். அவர் ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் வாங்குவார்கள். வியாபாரத்தில் இதற்கு மேல் விளம்பரம் ஏது?

படை வீரனின் பொழுதுபோக்கு சரக்காக மாறுவது புதிதும் அல்ல. ஸ்னூக்கர் ஆட்டம் 1875-ல் ஜபல்பூரில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லினிடம் பிறந்தது. அதற்கு விதி எழுதி மாட்டியது நம் ஊட்டி கிளப்பில். பேட்மின்டனுக்கு முதல் விதிகளைத் தொகுத்தவர்கள் புனேயில் இருந்த ராணுவ அதிகாரிகள். படைகளுக்கு மட்டையும் பந்தும் செய்து வளர்ந்த சியால்கோட் ஊர், 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்து வெளியேறிய தொழிலாளர்களும் முதலாளிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் கடை விரித்தார்கள். இன்று மதுரைக்கு வரும் வாலிபாலும் கிரிக்கெட் மட்டையும் பெரும்பாலும் அந்த இரு ஊர்ச் சரக்குதான்.

எதை வைப்பது, எதை விடுவது?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விளையாட்டுச் சாமான் என்றதும் இரண்டு காரம் போர்டு, நான்கு கிரிக்கெட் மட்டை வாங்கிக் கம்பியில் தொங்கவிட்டு, ஆறு மாதம் தூசி தட்டுவது வழக்கம். பெரிய சாமானை வாங்க வாடிக்கையாளர் டவுன்ஹால் ரோட்டுக்கே போவார். பத்துக் கடை ஏறி இறங்கிப் பார்த்துத்தான் வாங்குவார். அதில் நமக்கு வேலையில்லை. தேய்வதும் தொலைவதும் கிழிவதுமான சாமான்தான் நம் சரக்கு. வாலிபாலுக்குக் காற்றடிக்கும் ஊசி மிக மலிவான பொருள். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அது உடைந்தால் பன்னிரண்டு பேர் ஆட்டம் நின்றுபோகும். அந்த ஊசிக்காக யாரும் நகருக்குள் போகமாட்டார்கள். பக்கத்துக் கடையில் இருக்கிறதா என்றுதான் பையனை ஓடவிடுவார்கள். ஊசிக்கு வந்த பையன் நாலு சோடாவும் கடலை மிட்டாயும் வாங்காமல் திரும்புவதில்லை. ஒரு கைப்பம்பும் கடையில் இருக்கட்டும். காற்றடிக்கக் காசு வாங்காதீர்கள்.

இறகுப் பந்தில் ஒரு நுட்பம். நைலான் பந்தின் அடிப்பகுதியில் பச்சை, நீலம், சிவப்பு என்று பட்டை இருக்கும். பச்சை மெதுவாகப் போவது, சிவப்பு வேகமாகப் போவது. வெயில் காலத்தில் காற்று லேசாகிப் பந்து தூரம் ஓடும் என்பதால் நம் மதுரை வெப்பத்துக்குப் பச்சைப் பட்டைதான் ஏற்றது. ‘எல்லாம் ஒன்றுதானே’ என்று சிவப்பை எடுத்துக் கொடுத்தால் மறுநாள் அந்த ஆள் வரமாட்டார். வாத்து இறகுப் பந்து நம் கடைக்கு ஆகாது. சூட்டில் உலர்ந்து இரண்டு அடியில் இறகு ஒடியும்.

பூப்பந்து விளையாடும் மைதானம் பக்கத்தில் இருந்தால் மஞ்சள் கம்பளிப் பந்து அவசியம். தஞ்சையில் அரச குடும்பத்தார் ஆடத் தொடங்கிய ஆட்டம் என்பார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது. பந்தைத் தகர டின்னில் போட்டு மூடி வையுங்கள், எலிக்குக் கம்பளி என்றால் கொள்ளைப் பிரியம். இவை தவிர மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப், ஸ்கிப்பிங் கயிறு, விசில், முழங்கால் பட்டை, ஓட்டத்துக்குப் போடும் காலுறை. அவ்வளவு போதும். ஷூவில் இறங்க வேண்டாம். சைஸ் சைஸாக முதல் முடங்கும்.

காரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போலீஸ் குடியிருப்பிலும் பட்டாளத்து ஓய்வறையிலும் காரம் இல்லாத இடம் குறைவு. சென்னையின் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன். 1996-ல் அர்ஜுனா விருது. சென்னைப் பெண் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபின் வீட்டுப் பெண் பிள்ளைகளும் போர்டு கேட்கிறார்கள். போர்டை வாங்கித்தர ஆள் இருக்கிறது. தொலைந்த காய்க்கும் உடைந்த ஸ்டிரைக்கருக்கும்தான் கடை இல்லை. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 கொண்ட காய் செட்டும், 15 கிராமுக்கு மிகாத ஸ்டிரைக்கரும் வையுங்கள். கனமான ஸ்டிரைக்கரைப் போட்டி ஆடுபவர் தொடமாட்டார்.

இன்னொன்று, காரம் பவுடர். பெரும்பாலும் அது போரிக் பவுடர். பார்வைக்கு மைதா போல, சமையல் சோடா போல வெள்ளையாக இருக்கும். சாப்பாட்டில் கலந்தால் விஷம். மளிகைக் கடையில் இதை மாவு, சோடா, உப்பு இருக்கும் அலமாரியில் ஒருபோதும் வைக்கக்கூடாது. சில்லறையாகப் பொட்டலம் கட்டி விற்கவும் கூடாது. கம்பெனி டப்பாவோடு, தனித் தட்டில், மளிகையை நிறுக்கும் தராசுப் பக்கமே வராமல் இருக்கட்டும். கடைப் பையனுக்கும் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லி வையுங்கள்.

வரிக் கணக்கும் இப்போது சாதகம். காரம், செஸ் போன்ற பலகை ஆட்டங்களும், பந்து மட்டை போன்ற விளையாட்டுச் சாமான்களும் 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. டம்பெல் முதலான உடற்பயிற்சிக் கருவிகள் மட்டும் 18-லேயே நிற்கின்றன. பில் போடும்போது இரண்டையும் ஒரே வரியில் தள்ளிவிடாதீர்கள்.

பச்சைப் புள்ளிச் சட்டை வேண்டாம்

விற்பனைப் பிரதிநிதிகள் ராணுவப் புள்ளி போட்ட கால்சட்டை, தொப்பி, முதுகுப் பை என்று கட்டுக் கட்டாகக் கொண்டு வருவார்கள். லீவில் வந்த ஜவானும் வாங்குவார், ஜவான் போலத் தெரிய ஆசைப்படும் பையனும் வாங்குவான், சரக்கு ஓடும். ஆனாலும் தொட வேண்டாம் என்பதே நம் யோசனை. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தனர். அதன் பின் ராணுவ மாதிரி உடையை விற்க வேண்டாம் என்று கடைக்காரர்களுக்கே ராணுவம் வேண்டுகோள் விடுத்தது. 2022 ஜனவரி 15-ல் சின்னச் சின்னக் கட்டங்கள் கொண்ட புதிய உடை அறிமுகமாயிற்று. அந்த ஆண்டிலேயே அந்த வடிவத்தை ராணுவம் சட்டப்படி பதிவு செய்துவிட்டது. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், மேலும் 5 ஆண்டு நீட்டலாம். அந்த வடிவத்தை அச்சடித்தோ தைத்தோ விற்றால் தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. டெல்லி கன்டோன்மென்ட் பகுதியில் போலீசோடு சேர்ந்து கடை கடையாகச் சோதனையும் நடந்தது.

உடுத்துபவருக்கும் சட்டம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு, படைவீரர் என்று பிறரை நம்பவைக்க அவருடைய உடையை அணிபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அரசு ஊழியர் உடையை மோசடிக்காக அணிந்தால் 205-ஆம் பிரிவில் அபராதம் 5,000 வரை. அப்படி ஒருவர் பிடிபட்டால் ‘எந்தக் கடையில் வாங்கினாய்’ என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு கால்சட்டையில் வரும் லாபத்துக்காக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வேண்டுமா? ஓட்டத்துக்குச் சாதாரண ஒற்றை நிறப் பனியன் போதும். நட்சத்திரம், பேட்ஜ், போலீஸ் லத்தி மாதிரிப் பொருள்களும் அப்படியே.

கடனும் தயக்கமும்

காக்கிச் சட்டை என்றாலே நம்மில் பலர் ஒதுங்குவதற்குக் காரணம் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வணிகர்களான தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்ததற்குத் தமிழகமெங்கும் கடையடைத்தோம். அதை எந்த வணிகரும் மறக்கமாட்டார், மறக்கவும் கூடாது. ஆகவே இங்கே எவரையும் குழையச் சொல்லவில்லை. சீருடையில் வந்து சும்மா எடுத்துப் போகிறவர் வாடிக்கையாளர் அல்ல. லுங்கி கட்டி, பிள்ளையின் கை பிடித்து, சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து இறகுப் பந்து வாங்குகிறவரைப் பற்றியே பேசுகிறோம். அவரிடம் எல்லோரிடமும் சொல்லும் விலையையே சொல்லுங்கள். கூட்டியும் வேண்டாம், பயந்து குறைத்தும் வேண்டாம்.

இந்தச் சரக்கில் கடன் கூடாது. போலீஸ்காரருக்கு மாறுதல் உத்தரவு எந்த நாளும் வரும், ஜவானுக்கு லீவு முடியும் தேதி ஒன்று உண்டு. இருவர் கணக்கும் நம் சிட்டையில் பாதியில் நின்றுவிடும். மளிகைக்குக் கணக்கு வைத்திருக்கும் குடும்பமானாலும் பந்துக்கு ரொக்கம் அல்லது ஜி-பே என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கடைத் திண்ணையில் காரம் போர்டு போட்டுக் கூட்டம் சேர்க்கும் யோசனையும் சிலருக்கு வரும். பணம் வைத்து ஆட்டம் என்று அது திரும்ப ஒரு வாரம் ஆகாது, விட்டுவிடுங்கள்.

முதல் கொள்முதலை மார்கழி பிறந்ததும் செய்யலாம். பொங்கல் லீவுக்கு ஜவான்கள் வருவதற்கு முன் சரக்கு கடையில் இருக்க வேண்டும். ஒரு சிப்பம் பருப்புக்குப் போடுகிற முதலைத் தாண்ட வேண்டாம். பச்சைப் பட்டை நைலான் பந்து, ஊசி, பம்ப், காய் செட், ஸ்டிரைக்கர், பவுடர், கிரிப், கயிறு ஆகியவற்றை ஒரே தட்டில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி, கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். மாசி மாதம் தட்டைப் பார்த்து, காலியானதை மட்டும் மறுபடி வாங்குங்கள்.