திரைக்குப் பின்னால் இருந்த டாஸ்

"விண்டோஸ் 95 என்பது டாஸ் மேல் பூசிய சாயம்தானே?" கணினித் துறைக்காரர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் பழைய வழக்கு இன்னமும் எழுகிறது. எங்கள் அலுவலகத்து இளையர்களுக்கு வழக்கே புரிவதில்லை. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கிய காலத்தை அவர்கள் பார்த்ததில்லை.

1985இல் வந்த முதல் விண்டோஸ், டாஸ் இயங்குதளத்தின்மேல் ஓடிய ஒரு மென்பொருள்தான். 1992இல் வந்த 3.1க்கும் அடியில் டாஸ் வேண்டும். நான் கணினி பழகியபோது, கறுப்புத் திரையில் 'வின்' என்று தட்டினால்தான் சன்னல்கள் திறக்கும்.

1995 ஆகஸ்டு 24இல் வெளியான விண்டோஸ் 95இல் கறுப்புத் திரை மறைந்தது. டாஸ் மறையவில்லை. கணினியை முடுக்கியதும் முதலில் விழிப்பது அதுதான். பழைய சாதனங்களுக்கான இயக்கிகளை ஏற்றிவிட்டு, விண்டோஸை எழுப்பும். விண்டோஸ் எழுந்ததும் செயலியை 32 பிட் முறைக்கு மாற்றி, நினைவகம், கோப்புகள் என்று எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொள்ளும்.

அதன்பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அப்பாவின் மளிகைக் கடையை மகன் எடுத்து நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் கல்லாவில் இருக்கும் பெரியவரிடம்தான் கேட்பார்கள். அவர் தலையாட்டுவார், எடைபோட்டுக் கொடுப்பது மகன். அப்படித்தான், பழைய நிரல் ஒன்று கோப்பைக் கேட்டால் அந்தக் கோரிக்கை டாஸ் வாசல்வரை போகும். கடைசி நொடியில் விண்டோஸ் அதை வாங்கித் தானே முடித்துவிடும். அந்த வழியில் காவல் நின்ற பழைய துணை நிரல்கள் எதுவும் மாறியதாக உணராது. டாஸுக்கான இயக்கி மட்டுமே உள்ள சாதனம் என்றால், பெரியவரே எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார். வேகம் குறையும், ஆனால் வேலை நடக்கும்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? டாஸ் துணையில்லாத விண்டோஸ் என்டி 1993இலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குக் குறைந்தது 12 மெகாபைட் நினைவகம் வேண்டும். விண்டோஸ் 95க்கு 4 போதும். வீட்டுக் கணினிகளில் அன்று அவ்வளவுதான் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய கணக்கு மென்பொருளும் பிள்ளைகளின் விளையாட்டும் ஓடாவிட்டால் புதியதை யார் வாங்குவார்? பொறியியல் அழகைவிட இந்தக் கணக்கே சரி என்பது என் கருத்து.

"இனி கணினியை அணைக்கலாம்" என்று கடைசியில் தோன்றும் ஆரஞ்சு எழுத்துகள் நினைவிருக்கிறதா? அது வெறும் படம். அதன் பின்னால் டாஸ் விழித்தபடிதான் இருந்தது. சரியான கட்டளையைத் தட்டினால் படம் விலகி, கறுப்புத் திரை எட்டிப்பார்க்கும்.

2001இல் என்டி வழிவந்த எக்ஸ்பி வீடுகளுக்கு வந்தபோது டாஸ் அடித்தளம் போயிற்று. இன்று நாம் திறக்கும் கறுப்புச் சன்னல் டாஸ் அல்ல, விண்டோஸில் ஓடும் இன்னொரு நிரல். ஆனாலும் சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் பெயராக வைத்து ஒரு கோப்புறை உருவாக்கிப் பாருங்கள். விண்டோஸ் மறுத்துவிடும். விசைப்பலகைக்கும் திரைக்கும் சேர்த்து டாஸ் வைத்திருந்த பெயர் அது.