இறால் தொட்டியில் பாசி

மீன் தொட்டியில் பாசி படர்ந்தால் கடையில் ஒரு குப்பி மருந்து வாங்கி ஊற்றுவது வழக்கம். அதே மருந்தை இறால் தொட்டியில் ஊற்றினால் பாசி போகும், கூடவே இறாலும் போய்விடக்கூடும். செர்ரி இறால் வாங்கி வந்த இரண்டு மாதத்தில் கண்ணாடியெல்லாம் பச்சையாகிவிட்டதே என்று கவலைப்படுகிறவர்கள், குப்பியைத் திறக்குமுன் அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிடுவது நல்லது.

பாசிக்கொல்லிகள் பலவற்றில் இருப்பது செம்பு. நாம் மயில்துத்தம் என்று சொல்லும் காப்பர் சல்பேட்டும் அதன் உறவினர்களும்தான். மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கான மருந்துகள் சிலவற்றிலும் இது உண்டு. வேடிக்கை என்னவென்றால், இறாலின் இரத்தத்திலேயே செம்பு இருக்கிறது. நம் ஹீமோகுளோபினில் இரும்பு செய்யும் வேலையை, அதற்கு ஹீமோசயனினில் உள்ள செம்பு செய்கிறது. ஆனால் அது புரதத்தோடு பிணைந்து கிடக்கும் செம்பு. நீரில் அயனியாகத் திரியும் செம்பு செவுள்களைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்துவிடுகிறது. மீன் தாங்குகிற அளவை இறால் தாங்குவதில்லை. கால்சியமும் மக்னீசியமும் குறைந்த மென்னீராக இருந்தால் நஞ்சின் வேகம் இன்னும் கூடும். வீட்டில் செம்புக் குழாய்கள் இருந்தால், இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரையும் சுடுநீரையும் தவிர்த்து, குளிர்நீரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

தமிழில் எல்லாவற்றையும் பாசி என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். தொட்டியில் வளர்ப்பது வேறு, வளர்க்காமல் வருவது வேறு. புதுத் தொட்டியில் பழுப்பு மாவு தூவியதுபோல் படிவது டயாட்டம். சில வாரங்களில் பெரும்பாலும் தானே மறையும். நீலப்பச்சைப் போர்வைபோல் வழவழப்பாகப் படர்ந்து நாற்றமடிப்பது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. இறால் அதைத் தொடாது. குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டியதுதான். கறுப்புத் தாடிபோல் இலை ஓரங்களில் முளைப்பது சிவப்புப் பாசி வகை. அந்த இலையை வெட்டி எறிவதே சுலபம்.

கண்ணாடியில் படியும் மெல்லிய பச்சைப் படலமோ இறாலுக்குச் சாப்பாடு. செர்ரி இறால் முட்டைகளை மூன்று நான்கு வாரம் வயிற்றடியில் சுமக்கும். பொரிக்கும் குஞ்சுகள் பெரிய இறாலின் குட்டி வடிவமாகவே வெளிவரும், அளவு இரண்டு மில்லிமீட்டர் அளவில். நீங்கள் போடும் தீனியைத் தேடிப்போக அவற்றால் முடியாது. நின்ற இடத்தில் கிடைக்கும் பாசியையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் மேய்ந்துதான் பிழைக்கும். தொட்டியைப் பளபளவென்று தேய்த்து வைக்கும் வீடுகளில் குஞ்சுகள் தங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்து, மற்ற மூன்று பக்கங்களையும் விட்டுவிடலாம்.

படலம் அளவு மீறினால் வெளிச்சத்தையும் தீனியையும் பாருங்கள். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டி இருந்தால் மற்ற வைத்தியமெல்லாம் வீண். விளக்கு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். டைமர் ஒன்று மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. தீனி விஷயத்தில்தான் நம்மவர்களுக்குக் கை தாராளம். இருபது இறாலுக்கு ஒரு சிறு வில்லையே அதிகம். மிஞ்சியது அழுகி அம்மோனியாவாகி, பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறும். அந்த நைட்ரேட்டும் தீனியிலிருந்து வரும் பாஸ்பேட்டும் பாசிக்கு உரம். இரண்டு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். வேகமாக வளரும் ஹார்ன்வொர்ட் போன்ற செடிகள் அதே உரத்துக்குப் போட்டியிடும்.

நீர் மாற்றுவதில் அவசரம் கூடாது. பாதித் தொட்டியை ஒரேயடியாக மாற்றினால் இறால் சட்டையுரிக்கும்போது இறப்பது உண்டு. வாரம் பத்து முதல் இருபது சதவீதம் போதும். குளோரினைப் போக்க வாளியில் ஒரு நாள் வைக்கும் பழைய முறை எல்லா ஊருக்கும் பொருந்தாது. சான் பிரான்சிஸ்கோவில் 2004 முதல் குழாய்நீரில் கலப்பது குளோராமின். அது ஒரு நாளில் ஆவியாகிப் போகாது, அதற்குரிய திரவம் வேண்டும்.

பாசி தின்ன வேறு இறாலை விடலாமா என்று கேட்பார்கள். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954-2015) 1980களில் தம் செடித் தொட்டிகளில் விட்டுப் பிரபலமாக்கிய இறால் இன்று அவர் பெயரிலேயே விற்கிறது. இழைப் பாசியை நன்றாகவே தின்னும். அதன் குஞ்சுகள் வளர உப்புநீர் வேண்டும் என்பதால் உங்கள் தொட்டியில் பெருகாது. ஆனால் தீனி தாராளமாகக் கிடைத்தால் அதுவும் பாசியைத் திரும்பிப் பார்க்காது.

விடுமுறையில் இரண்டு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். அவர் பாசத்தோடு தினமும் ஒரு கை போட்டுவிடுவார். பல மாதங்கள் நிலைபெற்ற தொட்டியென்றால், டைமரை ஆறு மணி நேரத்துக்கு வைத்து, ஆவியாகும் நீரை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள். பக்கக் கண்ணாடிகளில் நீங்கள் விட்டுவைத்த பாசி அவற்றுக்குப் போதும்.